அந்த ஒரு சுவரைத் தவிர

உட்காருங்க, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு மூணு கால்தான் வேலை செய்யுது. நாலாவது சும்மா பேருக்கு நிக்குது, இந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பாதிப் பேர் மாதிரி. இப்படி என் பக்கத்துல வாங்க. பையை மடியில வச்சுக்கோங்க. கீழ வைக்காதீங்க, தரையைப் பார்த்தீங்க இல்ல?

சர்வர் வேலை செய்யலையாம். காலையிலேர்ந்து இதே பாட்டு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒருத்தன் உட்கார்ந்திருக்கானே, அவன்கிட்ட போய், "எப்பப்பா வரும்?"னு கேட்டேன். "வரும்போது வரும் மேடம்"ங்கறான். ரயில் நேரம் சொல்லிட்டு வருது. புயல்கூட இப்பல்லாம் பேர் வச்சுக்கிட்டு, நேரம் சொல்லிட்டு வருது. சர்வர் மட்டும் மகாராஜா.

நீங்க இப்பதானே வெளியிலேர்ந்து வந்தீங்க? தூறல் ஏதாவது...? இல்லையா? அப்பாடா. மேகம் மட்டும்தானா, சரி. இன்னிக்கு மட்டும் பெய்யக் கூடாது. கையெழுத்துப் போட்டு முடிச்ச அப்புறம் ஊரே மிதக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் விக்க வந்திருக்கேன். மடிப்பாக்கத்துல தனி வீடு, கீழயும் மாடியும், என் பேர்ல இருக்கு. வாங்கறவங்க டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு இருக்காங்களாம். எங்க வீட்டுக்காரர் பத்திரம் எழுதறவர் கடையில டீ குடிச்சுக்கிட்டு இருக்கார். எந்த இடத்துல இருந்தா எனக்கு உபயோகமே இல்லையோ, அந்த இடமாப் பார்த்துத்தான் அவர் உட்காருவார். நீங்க? பொண்ணு வீடு வாங்கறாளா? நல்லது, நல்லது. எந்த ஊர்... இருங்க, சொல்லாதீங்க. முகத்தைப் பார்த்தே ஊர் சொல்லுவேன் நான். கோயம்புத்தூர்ப் பக்கம். சிரிக்கறீங்களே! பார்த்தீங்களா, சரியாச் சொல்லிட்டேன்.

ராத்திரி ரயில்ல வந்தீங்களாக்கும், அதான் களைப்பாத் தெரியறீங்க. இருமல் வேற. மெதுவா, மெதுவா. இந்த ஊர்த் தூசி அப்படி.

கழுத்துல சிலுவை பார்த்தேன். நானும் கான்வென்ட்ல படிச்சவதான். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து கடைசி வரைக்கும் சிஸ்டர் யூஜினி கையிலதான் வளர்ந்தேன். அவங்க சொல்லுவாங்க: பொய் சொல்றது பாவம், பேசாம இருக்கிறது அடக்கம். முதல் பாதியை நான் இன்னிக்கு வரைக்கும் விட்டதில்லை. ரெண்டாவது பாதி கொஞ்சம் லேட்டாத்தான் வந்தது, அதையும் சொல்றேன்.

வீடு வாங்கறீங்களே, ஆளை வச்சு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணீங்களா? பண்ணியாச்சா? எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு பொண்ணு சொல்லிச்சா? ஐயோ, சிரிக்கக் கூடாது, மன்னிச்சுக்கோங்க. நீங்க யாரோ நான் யாரோ, ஆனாலும் ஒரு பொம்பளைக்குப் பொம்பளை சொல்லணும் இல்லையா. என் கதையைக் கேளுங்க. சர்வர் வர்ற வரைக்கும் உங்களுக்கும் வேற வேலை இல்லை.

இந்த வீட்டை நாங்க வாங்கினது ஒரு அக்னி நட்சத்திரத்துல. எங்க வீட்டுக்காரர், தணிகாசலம்னு பேரு, "தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாம்"னார். நான் விடலை. நம்ம ஜனங்க வீடு வாங்கறப்ப என்ன பார்க்கறாங்க? வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலை, கக்கூஸ் ஈசானியத்துல இருக்கா. தலைக்கு மேல கூரை இருக்கான்னு பால் காய்ச்சின அப்புறம்தான் அண்ணாந்து பார்க்கறது. நான் அப்படி இல்லை. படிச்ச ஆள் வேணும், மிஷின் வேணும், இங்கிலீஷ்ல ரிப்போர்ட் வேணும்னேன்.

வந்தான் ஒருத்தன். முகிலன்னு பேரு. இஸ்திரி போட்ட சட்டை, டாக்டர் மாதிரி ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள சுவர்ல ஈரம் பார்க்கிற மிஷின், சூடு பார்க்கிற கேமரா, தரையைத் தட்ட ஒரு குச்சி. வீடு பூரா டொக்கு டொக்குன்னு தட்டிக் காதை வச்சுக் கேட்கிறான், தர்பூசணி வாங்க வந்தவன் மாதிரி. "இந்த டைல்ஸ் உள்ள காலியா இருக்கு மேடம்"ங்கறான். எங்க வீட்டுக்காரர் அவன் பின்னாடியே ஏணியைத் தூக்கிக்கிட்டு அலையறார். ரிட்டயர் ஆன அப்புறம் அன்னிக்குத்தான் அவர் முகத்துல அப்படி ஒரு களை.

வித்த அம்மா பேரு திலகவதி. அவங்கதான் வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க. "நல்ல காரியம், வெள்ளிக்கிழமையே இருக்கட்டுங்க"ன்னாங்க. போனா, உச்சி வெயில் நேரத்துல வீடு பூரா சாம்பிராணிப் புகை. மூக்கு எரியுது. என்ன பக்தி, என்ன பக்தின்னு நான் உருகிட்டேன். ஃபில்டர் காபி, தவலை வடை. சாமி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க பாருங்க, அந்தச் சுவர்ல குண்டூசி குத்த இடமில்லை. கீழேர்ந்து மேல வரைக்கும் படம். ஆறுபடை முருகனும் ஆறு படத்துல. அம்மன் உட்கார்ந்து, அம்மன் நின்னுக்கிட்டு, அம்மன் சூலத்தோட. பெருமாள் ஒரு பக்கம். நடுவுல விளக்கு எரியுது.

இந்தப் பையன் பாத்ரூம்லேர்ந்து நேரா அங்க வர்றான். வந்து, "மேடம், இந்தப் படத்தையெல்லாம் கொஞ்சம் இறக்கினா பின்னாடி சுவரையும் பார்த்துடலாம்"னு சொல்லிக்கிட்டே முருகர் படத்துக்குக் கையை நீட்டறான்.

"எந்தக் கையால?"ன்னேன்.

அவன் கையைப் பார்த்தான். இப்பதான் பாத்ரூம் ஜல்லடையைத் தூக்கி உள்ள விட்டுத் துழாவின கை.

"கழுவிட்டேன் மேடம்."

"கழுவினா ஆச்சா? வெள்ளிக்கிழமை, விளக்கு எரியுது, அடுத்தவங்க கும்பிடற சாமி. உங்க வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லித் தரலையா?"

பையன் வெளிறிப் போய் வாசப்படிக்கு வெளியில நின்னுட்டான். திலகவதி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி. "உங்களை மாதிரி மனுஷங்க கைக்கு இந்த வீடு போகணும்னு எங்க குலதெய்வமே நினைச்சிருக்கு"ன்னாங்க. தட்டுல வெத்தலை பாக்கு, மயில் கழுத்துக் கலர்ல ஒரு ப்ளவுஸ் பிட். நல்ல பிட்டு. பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் ரிப்போர்ட் வந்தது. புத்தகம் மாதிரி. சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு கலர் போட்டு. படிச்சா, சமையல் ரூம் குழாய் சொட்டுதாம். ஸ்விட்ச் போர்டுல ஒரு ஸ்க்ரூ லூஸாம். மாடி ஜன்னல் கொக்கி சரியா மாட்டலையாம். பாக்கிப் பக்கம் பூரா அவன் எதுக்கெல்லாம் பொறுப்பு இல்லைன்னு! சுவருக்குள்ள இருக்கிறது தெரியாது. தரைக்குக் கீழ தெரியாது. சாமானை நகத்த மாட்டேன். நான் வந்த அன்னிக்கு, என் கண்ணுக்குப் பட்டதை, கை எட்டின வரைக்கும் பார்த்தேன், அவ்வளவுதான்னு. மழை பெஞ்சா எப்படி இருக்கும்? தெரியாது, அன்னிக்கு மழை இல்லை. அட, அக்னி நட்சத்திரத்துல எந்த வீடு ஒழுகும்? பொண்ணு பார்க்க வர்றவங்க மாதிரிதான் இதுவும். எங்க மாமியார் என்னைப் பார்க்க வந்தப்ப நடக்கச் சொன்னாங்க, பாடச் சொன்னாங்க, தலைமுடி நிஜமான்னு இழுத்துப் பார்த்தாங்க. நான் குனிஞ்ச தலை நிமிரலை. சாதுப் பொண்ணுன்னு முடிவு பண்ணிட்டுப் போனாங்க. அப்புறம் வாழ்நாள் பூரா அவங்க பட்டது அவங்களுக்குத்தான் தெரியும்.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, முக்கியமான இடம் வருது, முடிச்சுடறேன்.

ரிப்போர்ட்ல சாமி ரூமுக்கு ஒரே ஒரு வரி. எல்லாம் சரி, அந்த ஒரு சுவரைத் தவிர, அதைப் பார்க்க முடியலைன்னு. நான் அதை ஒரு பொருட்டாவே எடுத்துக்கலை. மாதா கோயில்ல பீடத்தைத் தவிர மத்ததெல்லாம் பார்த்தேன்னு ஒருத்தன் எழுதினா நீங்க சந்தேகப்படுவீங்களா? அந்த மாதிரி.

குடி வந்தோம். திலகவதி படத்தையெல்லாம் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. "சாமியை இடம் மாத்தக் கூடாதுங்க, இனிமே நீங்க கும்பிடுங்க"ன்னு. எனக்கோ ஒரே பெருமை.

ஐப்பசி வந்தது. மொத மழை. காலையில விளக்கேத்தப் போறேன், திருத்தணி முருகருக்குக் கன்னம் வீங்கியிருக்கு. நிஜமாங்க. பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தை மாதிரி ஒரு பக்கம் உப்பிக்கிட்டு நிக்கிறார். என்னடான்னு படத்தை இறக்கினா, பின்னாடி சுவர் பூரா உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி, கீழ கறுப்பா பூஞ்சை. ஒரு நாத்தம். அப்பதான் புரிஞ்சது, சாம்பிராணி சாமிக்குப் போடலைன்னு. மொட்டை மாடித் தண்ணி இறங்கற குழாயை அந்தச் சுவருக்குள்ளேயே புதைச்சிருக்காங்க, வெளியில தெரிஞ்சா அழகு கெட்டுடுமாம். அது உள்ளேயே வெடிச்சிருக்கு. மேல பெய்யற மழை அத்தனையும் முருகர் வழியாத்தான் இறங்குது.

முகிலனுக்கு போன் போட்டேன். "மேடம், நான் கேட்டேனே, நீங்கதானே வேண்டாம்னு..."ன்னான். "நான் சொன்னா? டாக்டர்கிட்ட போய் ஊசி வேண்டாம்னு சொன்னா டாக்டர் விட்டுட்டுப் போயிடுவாரா? வற்புறுத்தியிருக்க வேண்டாமா நீ?"ன்னேன். போனை வச்சுட்டான். இவ்வளவுதான் இவங்க பெட்டியும் மிஷினும். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னுக்கிட்டு, "நீதானேம்மா அவனைத் திட்டின"ங்கறார். அவருக்கு ஞாபகசக்தி அதிகம். வேற எதுவும் அதிகம் கிடையாது.

திலகவதிக்குப் போன் போட்டா, "ஐயோ, நாங்க அந்தப் படத்தை இறக்கினதே இல்லைங்களே, எங்களுக்கு எப்படித் தெரியும்?"ங்கறாங்க. பச்சைப் பொய்! அந்தச் சுவருக்கு மட்டும் புதுசா ஒரு பூச்சுப் பூசியிருக்கு. சாமியைக் காவலுக்கு வச்சு ஊரை ஏமாத்தற பொம்பளை. இதெல்லாம் உருப்படுமா சொல்லுங்க. நான் அன்னிக்கு விட்ட சாபம் சும்மா போகாது.

சரி பண்ணலையான்னு கேட்கறீங்களா? ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரை உடைச்சுக் குழாயை எடுக்கணும்னாங்க. சாமி இருக்கிற சுவரை யாராவது உடைப்பாங்களா? செலவு கிடக்கட்டும், மனசு வருமா? மேலாப்புல ஏதோ மருந்து அடிச்சோம். அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது. சாமி ரூமுக்கு அந்தப் பக்கம்தான் கீழ் பெட்ரூம், அங்கயும் பூஞ்சை ஏறிடுச்சு. இவருக்கு ராவும் பகலும் இருமல். டாக்டர், "வீட்டை மாத்துங்க, மருந்தை மாத்திப் பிரயோஜனம் இல்லை"ன்னார். அதான், விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

தண்ணி வேணுமா? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே உங்களுக்கு. இந்தாங்க, என் பாட்டில்தான், வாய் வச்சுக் குடிக்கலை.

யார் வாங்கறாங்கன்னா? உங்க ஆளுங்கதான். சின்ன ஜோடி. ஐ.டி.யில இருக்காங்க. அந்தப் பொண்ணு என்ன மரியாதை தெரிஞ்ச பொண்ணு தெரியுமா! அவங்களும் இன்ஸ்பெக்‌ஷன் வைக்கணும்னாங்க. தாராளமா வைங்க, வெள்ளிக்கிழமை வாங்கன்னேன். நான் எப்பவும் வெள்ளிக்கிழமை விளக்கேத்தறவதான், அவங்களுக்காக ஏத்தலை. சாம்பிராணியும் போடறவதான். படமெல்லாம் இருந்த இடத்துல இருந்தது. சுவருக்கு சித்திரையிலேயே பெயிண்ட் அடிச்சாச்சு, விக்கற வீட்டுக்கு யார்தான் பெயிண்ட் அடிக்கலை?

அவங்க கூட்டிட்டு வந்த ஆள் இருக்காரே, முகிலனுக்கு அண்ணன் மாதிரி. அதே பெட்டி, அதே குச்சி, அதே டொக்கு டொக்கு. நேரா முருகர் முன்னாடி வந்து நின்னு, "இதைக் கொஞ்சம் இறக்கலாமா?"ங்கறார். எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. ஆனா வாயைத் திறக்கலை. சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்தை நான் சொல்லலை. அந்தப் பொண்ணுதான் பதறிப் போய், "வேண்டாம் அண்ணா, அவங்க சாமி, நாம தொடக் கூடாது, வெளியில வந்துடுங்க"ன்னு அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுச்சு. செருப்பைக் கழட்டிட்டு, சாமி ரூம் வாசப்படியைக்கூட மிதிக்காம தள்ளி நின்னுச்சுங்க. நம்ம ஆளுங்களுக்கே அந்த மரியாதை வராது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதையும் பொய்யாச் சொல்லலை.

இதைத்தான் சொன்னேன், ரெண்டாவது பாதி லேட்டா வந்ததுன்னு. பேசாம இருக்கிறது அடக்கம். சிஸ்டர் யூஜினி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க.

திலகவதி மாதிரின்னா? என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! அது வேற, இது வேற. அந்தப் பொம்பளை தெரிஞ்சே மறைச்சாங்க. நான் எதையும் மறைக்கலை, யாரும் கேட்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஏன் விக்கறீங்கன்னு. முட்டி வலி, மாடி ஏற முடியலைன்னேன். இந்த வயசுல யாருக்கு முட்டி வலி இல்லை? அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? அவங்க அம்மா கையால காய்ச்சின தைலம்னு ஊர்லேர்ந்து ஒரு பாட்டில் வரவழைச்சுக் குடுத்துச்சு. பாவம், நல்ல மனசு. ஆனா மூடியைத் திறந்தா கருவாட்டுக் கடையில வேப்பெண்ணெய் கொட்டின மாதிரி ஒரு வாடை. வேலைக்கு வர்ற முனியம்மாகிட்ட குடுத்துட்டேன். அவ அதைக் கதவுக் கீலுக்குப் போட்டாளாம், இப்பக் கதவு சத்தமே போடறதில்லையாம்.

சிரிக்க மாட்டேங்கறீங்களே. இதுக்கு எல்லாரும் சிரிப்பாங்க.

கீழ் ரூமா? எதுக்குக் கேட்கறீங்க? அது அந்தப் பொண்ணு அவங்க அம்மாவுக்கு வச்சிருக்காம். ஊர்ல இருக்கிற வீட்டை வித்து, அதையும் இதுல போட்டு, அம்மா இவங்களோடவே வந்து இருக்கப் போறாங்களாம். மூச்சுத் திணறல் உண்டாம் அம்மாவுக்கு, அதான் மாடி வேண்டாம், கீழ் ரூம். அங்க ஜன்னல் இருக்கு, ஃபேன் இருக்கு. திறந்து வச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது. எல்லாருக்கும் எல்லாம் நாமளே யோசிக்க முடியுமா? அவங்கவங்க அதிர்ஷ்டம்.

இதோ பாருங்க, அந்தப் பொண்ணுக்குக் குடுக்க வெத்தலை பாக்கு, பிட்டு எல்லாம் பையில கொண்டாந்திருக்கேன். அதே மயில் கழுத்துதான். தைக்கவே மனசு வரலை, அப்படியே வச்சிருந்தேன். யாருக்காவது குடுக்கத்தானே வேணும். படத்தையும் அங்கேயே விட்டுடலாம்னு இருக்கேன். அவங்க கும்பிட மாட்டாங்கதான், ஆனா அந்தப் பொண்ணு குணத்துக்கு உடனே இறக்கவும் மாட்டா. நிதானமாத்தான் இறக்குவா. அதுக்குள்ள நாங்க நங்கநல்லூர்ல மூணாவது மாடி ஃபிளாட்ல இருப்போம். லிஃப்ட் இருக்கு. இருந்தாலும் நான் படியிலதான் ஏறறது.

என்ன சத்தம் அது? தகரத்து மேல... ஐயையோ, மழை. மழைங்க. வலுத்துட்டுதே! எழுந்து போய்ப் பார்க்கறதா? வேண்டாம், இடம் போயிடும். முருகா, ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா உனக்கு?

சர்வர் வந்துடுச்சாம்! பார்த்தீங்களா, கூப்பிட்ட குரலுக்கு வந்துட்டான். ஆ, இதோ, அவங்களும் வந்துட்டாங்க. அந்தச் சிவப்புக் குடைதான். ஜோஸ்லின், இங்க, இங்க வாம்மா! நனைஞ்சுட்டியே. எட்வின் வண்டியை நிறுத்திட்டு வர்றாரா? சரி சரி. சாட்சிக்கு ஒருத்தர் வர்றாங்கன்னியே, எங்கம்மா அவங்க?

யாரு?

இவங்களா?

அம்மாவா?

இல்லை... ஆமா, அப்பவே பேச ஆரம்பிச்சுட்டோம். ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டு இருக்கோம். சும்மா பொதுவா, ஊர்க் கதை. எங்க ஓர்ப்படி வீட்டுல, குரோம்பேட்டையில, ஒரு சுவர்... அதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நம்ம வீடு இல்லை, ஓர்ப்படி வீடு. இல்லைங்களா? நீங்களே சொல்லுங்க. கோயம்புத்தூர்னு சொன்னப்ப சிரிச்சீங்களே!

கூப்பிடறாங்க, நம்ம நம்பர்தான். எழுந்திருங்க. ஜோஸ்லின், அம்மாவுக்குக் கை குடும்மா, எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. இந்தாங்க, இந்தப் பிட்டை நீங்களே வச்சுக்கோங்க, நல்ல பிட்டு. வாங்கிக்கோங்க. ஏங்க, கையை நீட்டுங்க.

என்ன கேட்டீங்க? மழைச் சத்தத்துல காதுல விழலை.

முட்டியா?

பரவாயில்லைங்க.